தேய்ந்துபோன நாலு மணி நேரம்

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவிலிருந்த தூரம் தேய ஆரம்பித்ததை முதன்முதலில் கண்டுபிடித்தவள் பாலக்கரை தையல்நாயகிதான், அதுவும் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்தாள். ஒரு வைகாசி மாதச் செவ்வாய்க்கிழமை விமானம் தரையைத் தொட்ட குலுக்கலில் முழித்தவளுக்கு, உடம்பு இன்னும் ஒரு பிடி தூக்கத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரை ஏறியிருக்கும், வயசும் ஐம்பதைத் தொடுகிறதே என்று தன்னைத்தானே நொந்துகொண்டு பையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

அவளுக்குத் தொழில் குருவி. இங்கேயிருந்து பிறத்தியார் சரக்கை இரண்டு பையில் சுமந்துபோய் அங்கே கொடுத்து, அங்கேயிருந்து பிறத்தியார் சரக்கை இரண்டு பையில் சுமந்துவந்து இங்கே கொடுக்கிறவர்களுக்கு ஊரில் அதுதான் பேர். போகும்போது சுங்குடிச் சேலை, மாவடு, முருங்கைக்காய், ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப்பூ. வரும்போது சென்ட்டு, சாக்லேட்டு, கோடாரித் தைலம். சரக்கு கொடுக்கிறவர் பெரிய கடைவீதி ஜபருல்லா பாய், நல்ல மனுசர், பை கனமாக இருந்தால் அவரே ஆட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு வருவார். வாரத்துக்கு மூன்று நடை, பதினொரு வருஷம். அந்தப் பதினொரு வருஷமும் தையல்நாயகி தூங்கியதெல்லாம் மேகத்துக்கு மேலேதான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் அதுதான் உண்மை.

வீட்டில் தூங்க முடியாது. அவள் புருஷன் மருதமுத்து ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர், ஒருநாள் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே நசுங்கி, விடிகிற வரைக்கும் அந்த இரும்புக்கு அடியில் கிடந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார், ஒரு ஈ காக்கா வரவில்லை. அன்றைக்குப் பிடித்தது. கால் மணிக்கு ஒருதரம், பகலானாலும் ராத்திரியானாலும், "தையலு!" என்று ஒரு குரல் கொடுப்பார். "இந்தா இருக்கேங்க" என்று அவள் சொல்லவேண்டும். தண்ணீர் கேட்கமாட்டார், போர்வை கேட்கமாட்டார், கூப்பிட்டால் ஆள் வருகிறதா என்று தெரிந்தால் போதும், கண்ணை மூடிக்கொள்வார். அவள் ஊரில் இல்லாத நாட்களில் அவருடைய அக்கா வந்து இருப்பாள், ஆனால் அக்காவை அவர் கூப்பிடமாட்டார், கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அந்தப் பக்கம் சிங்கப்பூரிலோ எட்டுப்பேர் படுக்கிற அறை, தலைமாட்டில் பிறத்தியார் சரக்கு, ஒரு கண்ணை மூடினால் இன்னொரு கண் பையின் மேல். ஆக, யாரும் பேர் சொல்லிக் கூப்பிட முடியாத, யாரும் பையைத் தொட முடியாத அந்த நாலு மணி நேரம்தான் அவளுக்கென்று ஆண்டவன் ஒதுக்கிவைத்த இடம். பெல்ட்டு மாட்டியதும் தலை சாயும், சக்கரம் தரையில் இடித்தால்தான் நிமிரும்.

அந்த இடம்தான் தேய ஆரம்பித்தது. அடுத்த நடையிலும் ஒரு பிடி குறைந்தது, அதற்கடுத்த நடையில் இரண்டு பிடி. பெட்டி வருகிற இடத்தில் நின்றபோது, கூடவே குருவி வேலை பார்க்கிற லூர்துசாமியிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, ஏரோபிளேன் சீக்கிரமா வந்துருதுண்ணே. எனக்குத் தூக்கம் பத்தலை."

லூர்துசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார், மறுபடி பார்த்தார். "தங்கச்சி, மூணு மணி இருபத்தஞ்சு நிமிசம்தான் ஆயிருக்கு. பின்காத்து அடிச்சிருக்கும்."

பின்காற்று என்றால் திரும்பிப் போகும்போது எதிர்காற்றாக அடித்திருக்க வேண்டுமே, அப்போதும் சீக்கிரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆடிக்குள் மூன்று மணி, ஆவணியில் இரண்டரை. விமானத்தின் வேகம் அதேதான், கடல் வற்றிவிடவில்லை, பூமிப்படத்தில் கோடு அதே நீளத்தில்தான் கிடந்தது. நடுவில் கடக்க வேண்டியது மட்டும் குறைந்துபோயிற்று. படித்தவர்கள் நாலு நாள் டிவியில் உட்கார்ந்து கத்திவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள். "ஒரே பாதையில நாம இத்தனை வருசமா பையைத் தூக்கிட்டுப் போயி வந்து, போயி வந்து, வாசப்படி தேயிறாப்புல தேஞ்சுபோச்சு" என்று லூர்துசாமி சொன்னார். அதைவிட நல்ல காரணம் வேறு யாரிடமும் இல்லாததால் ஊர் அதையே ஏற்றுக்கொண்டது.

ஊருக்குக் கொண்டாட்டம்தான், கேட்க வேண்டுமா! விமானத்தில் முதலில் சோற்றுத்தட்டை நிறுத்தினார்கள், பிறகு காப்பியை, பிறகு தண்ணீரை, கடைசியில் பணிப்பெண்கள் எழுந்திருக்கவே நேரமில்லாமல் உட்கார்ந்தபடி கும்பிடு போட்டார்கள். ஐப்பசியில் ஒரு மணி நேரம், கார்த்திகையில் நாற்பது நிமிஷம் என்று ஆனபோது மணப்பாறைக்காரன் சிங்கப்பூரில் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் மணப்பாறைக்கே வந்து படுத்தான். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறதல்லவா, தூரம் தேய்ந்தும் அது மட்டும் தேயவில்லை, அதனால் அங்கே மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பியவன் இங்கே இட்லிக்கு வந்து சேர்ந்தான், அம்மாக்காரி விடுவாளா, அதையும் தின்றுவிட்டு இங்கத்து மத்தியானச் சோற்றையும் தின்றுவிட்டுத்தான் போகவேண்டும். இரண்டே மாதத்தில் திருச்சி ஜில்லாவில் பாதி ஆம்பளைகளுக்குத் தொப்பை விழுந்தது. பாஸ்போர்ட்டு வரிசை மட்டும் இரண்டு பக்கமும் குறையவே இல்லை, இருபது நிமிஷப் பயணத்துக்கு ஒன்றரை மணி நேரம் நின்றார்கள், அதற்கு ஒருத்தரும் ஆச்சரியப்படவும் இல்லை.

தையல்நாயகிக்கு மட்டும் அது சாவாக இருந்தது. ஒரு ஆளுக்கு இரண்டு பை என்ற கணக்கு மாறவில்லை, நேரம்தான் குறைந்தது, அதனால் பாய் தயங்கித் தயங்கி, "தங்கச்சி, இன்னொரு நடை போயிட்டு வந்துர்றீங்களா?" என்று கேட்க, ஒரு நாளைக்கு ஒரு நடை ஆகி, இரண்டாகி, மூன்றாயிற்று. சுமை ஏழு மடங்கு, தூக்கம் நாலு சொட்டு. காப்பியில் உப்பைப் போட்டாள். பேர் என்ன என்று கேட்ட அதிகாரியிடம் "இந்தா இருக்கேங்க" என்றாள். ஒருநாள் நடந்துகொண்டே தூங்கி, யாரோ ஒரு மலாய்க்காரக் குடும்பத்தோடு வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள், அவர்கள் பாவம், எழுப்ப மனசில்லாமல் வண்டியை இரண்டு சுற்று சுற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். தலைக்குள் எப்போதும் ஒரு மிஷின் ஓடுகிற இரைச்சல். இப்படியே போனால் எந்தப் படிக்கட்டிலிருந்து விழுந்து சாகப்போகிறோமோ என்று பயந்தாள், செத்துப்போனால் அந்த மனுசன் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று அதைவிடப் பயந்தாள்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். குறை இருக்கிறவர்கள் திங்கட்கிழமை மனு கொடுப்பது வழக்கம். பட்டா, குடிதண்ணீர், முதியோர் உதவி என்று வருகிற வரிசையில் அவளும் நின்றாள். வாசலில் மனு எழுதித் தருகிறவர் இவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அழகான கையெழுத்தில் எழுதினார்: "பொருள்: திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் முன்பிருந்த நாலு மணி நேரத்தைத் திரும்ப வழங்கக் கோருதல் தொடர்பாக."

மேஜையில் இருந்த அதிகாரி படித்தார். "ஏம்மா, இது நம்ம மாவட்ட எல்லைக்குள்ள வருதா?"

"கிளம்புற இடம் வருதுங்க ஐயா."

"எதுக்குமா கேக்குறீங்க? எல்லாரும் சந்தோசமா இருக்காங்களே?"

"நான் தூங்கணும் ஐயா" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்.

இந்தச் சேதி ஒரே நாளில் ஊர் பூராவும் பரவிற்று. வந்த வசவு கொஞ்சமா? பிள்ளையைக் கண்ணால் பார்க்காமல் கிடந்த தாய்மார் இப்போதுதான் பார்க்கிறார்கள், இவளுக்கு என்ன வயிற்றெரிச்சல் என்று தெருக்குழாயில் வைத்தே கேட்டார்கள். தையல்நாயகி குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் கேளுங்கள், வசவு ஓய்ந்த மூன்றாம் நாளிலிருந்து வேறொன்று நடந்தது. கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிற இளம்பரிதி என்கிற பையன், கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறவன்தான், பாஸ்போர்ட்டு வரிசையில் அவளுக்குப் பின்னால் வந்து நின்று காதோரமாகப் பேசினான்.

"அக்கா, அந்த மனுவுல என் கையெழுத்தையும் சேத்துக்க முடியுமா?"

"உனக்கென்னப்பா கொறை?"

"அஞ்சு வருசமா அம்மாவும் பொஞ்சாதியும் சண்டை போட்டா, போன்ல சரிம்மா, சரிம்மான்னுட்டு வச்சிருவேன். இப்ப தெனமும் நேர்ல நின்னு தீத்துவைக்க வேண்டியிருக்கு. கொழாய் ஒழுகுனா நாந்தான், மச்சினன் வீட்டுக் காதுகுத்துன்னா நாந்தான். தூரமா இருக்கேன்னு சொல்லவே முடியலைக்கா. ஒடம்பெல்லாம் வலிக்குது."

அவனுக்குப் பிறகு ஒரு லால்குடி பெண் வந்தாள், கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, "அவரு அங்க இருந்தவரைக்கும் நல்லவரா இருந்தாருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் திணித்துவிட்டுப் போனாள். பிறகு மாமியார்கள் வந்தார்கள், மருமகன்கள் வந்தார்கள், தினமும் இரண்டு மத்தியானச் சோறு ஆக்கி ஆக்கித் தோள்பட்டை இறங்கிப்போன தாய்மார்களே வந்தார்கள், குழாயடியில் திட்டிய அதே தாய்மார்கள். ஒருத்தருக்கும் ஒருத்தர் வந்தது தெரியாது. வெளியே பார்த்தால் எல்லோரும் தூரம் ஒழிந்தது என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள், உள்ளே எல்லோருக்கும் கால் ஓய்ந்துபோயிருந்தது.

தை பிறந்து ஒரு முற்பகலில், வருவாய் ஆய்வாளர் ஒருவர் விசாரணைக்காக வீட்டுக்கே வந்துவிட்டார். தையல்நாயகி அப்போது இரண்டாம் நடையில் இருந்தாள். கட்டிலில் கிடந்த மருதமுத்துவுக்கு வணக்கம் சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளைப் பிரித்து, கேள்வி ஒன்றை வாசித்தார்.

"மனுதாரர் விமானத்தில் தவிர வேறெங்கும் தூங்க இயலாத நிலையில் இருப்பதாகக் கூறுவது உண்மையா?"

மருதமுத்துவுக்கு மனு என்ற ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியும். அவர் வாங்கிப் படித்தார். எழுத்துக்கூட்டி மூன்றுதரம் படித்தார். அதில் அவரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை இல்லை, "வீட்டில் இரவும் பகலும் அழைப்பு வந்துகொண்டிருப்பதால்" என்று மட்டும் இருந்தது. யார் அழைக்கிறார்கள் என்று எழுதவில்லை.

"உண்மைதாங்க சார்" என்றார். "கூப்பிடுறது நாந்தான். எழுதிக்கங்க."

சாயங்காலம் அவள் வந்து பையை இறக்கிவைத்தபோது அவர் கேட்டார், "தையலு, நான் ஒனக்கு அவ்வளவு தொல்லையா?"

பொய் சொல்வதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டுமே, அது அவளிடம் இல்லை. "தொல்லைதாங்க" என்றாள். "எனக்கு உங்க மேல கோவம் கெடையாது. ஆனா தொல்லைதான்." சொல்லிவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள், அவரும் அழுதார், முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர்கள் சேர்ந்து அழுதது அதுதான் முதல்தடவை.

அதிலிருந்து அவர் கூப்பிடுவதை நிறுத்தினார். வேட்டி முனையை வாயில் கவ்விக்கொண்டு கிடந்தார், வியர்த்து ஊற்றியது, இருந்தும் சத்தம் காட்டவில்லை. அவள் படுத்தாள். கால் மணி ஆயிற்று, குரல் வரவில்லை, ஐயோ மனுசன் இருக்கிறாரா போய்விட்டாரா என்று எழுந்து போய் மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். மறுபடி படுத்தாள். மறுபடி கால் மணியில் எழுந்தாள். இப்படியே மூன்று நாள். முன்பாவது படுத்த இடத்திலிருந்தே பதில் சொன்னாள், இப்போது நடக்க வேண்டியதாயிற்று. நாலாம் நாள் அவரே வாயிலிருந்து துணியை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"இது சரிப்படாது புள்ள. நீ தூங்குற எடத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. பக்கத்துல நான் இருந்தா, நான் இருக்கேன்னு ஒனக்கும் தெரியும், நீ இருக்கேன்னு எனக்கும் தெரியும். கூப்பிடத் தேவையிருக்காது."

"அது இப்ப தூங்குற எடமா இல்லைங்க. பதினெட்டு நிமிசம்தான் இருக்கு."

"இருக்குற வரைக்கும் இருக்கட்டும்."

பாஸ்போர்ட்டு வர ஒரு மாதம் ஆனது, அதற்குள் பதினெட்டு ஒன்பதாகிவிட்டது. மாசி மாதம் ஒரு மத்தியானம் லூர்துசாமியும் பாயுமாக அவரைத் தூக்கி ஆட்டோவில் வைத்து, அங்கிருந்து சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாய் அன்றைக்குச் சரக்கே கொடுக்கவில்லை, "சும்மா போயிட்டு வாங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டார். ஜன்னலோரம் தையல்நாயகி, நடுவில் மருதமுத்து, இந்தப் பக்கம் லூர்துசாமி. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறவர்களால் விமானம் நிரம்பி இருந்தது, இளம்பரிதி இரண்டு வரிசை முன்னால் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவனுக்குப் பின்வரிசையில் அந்த லால்குடிப் பெண் இருந்தாள். பெல்ட்டு மாட்டியதும் தையல்நாயகி புருஷனுடைய தோளைப் பார்த்தாள், இவ்வளவு பக்கத்தில் அதைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று, தலையைச் சாய்த்தாள். சக்கரம் மேலே மடங்குவதற்குள் தூங்கிப்போனாள்.

ஒன்பது நிமிஷம் என்பது என்ன நேரம்? ஏறியது, ஒரு மேகத்தைத் தொட்டது, இறங்கியது, சக்கரம் இடித்தது. திருச்சி விமானம் தரையைத் தொட்டால் என்ன நடக்கும் என்பது ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று பெல்ட்டைக் கழற்றுவார்கள், எழுந்து நின்று மேலிருக்கிற பையை இழுப்பார்கள், அடுத்தவன் தலையில் இடிப்பார்கள், யார் சொன்னாலும் கேட்கமாட்டார்கள். அன்றைக்கும் கழற்றினார்கள், பாதிப்பேர் எழுந்தும்விட்டார்கள். சக்கரம் இடித்தும் தையல்நாயகி நிமிரவில்லை, வாய் லேசாகத் திறந்து, எச்சில் அவர் சட்டையில் வடிந்துகொண்டிருந்தது.

மருதமுத்து ஒரு கையைத் தூக்கினார். "ஐயா, கொஞ்சம் சத்தம் போடாதீங்கய்யா" என்று மெதுவாகச் சொன்னார். "இவ தூங்குறா."

போனை முடுக்கப்போன இளம்பரிதி திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அவள் முகம் தெரிந்தது. போனை முடுக்கினால் அம்மாவின் அழைப்பு நாலு, பொஞ்சாதியின் அழைப்பு ஆறு காத்திருக்கும் என்பதும் தெரிந்தது. அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவனைப் பார்த்து அந்த லால்குடிக்காரி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை, தூக்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு மொத்த விமானமும் உட்கார்ந்தது. கதவைத் திறந்து, இறங்கலாம் என்று மூன்றுதரம் அறிவித்தார்கள், ஒருத்தர் அசையவில்லை. என்ன ஏது என்று பார்க்க விமானி வெளியே வந்தார். அன்றைக்கு அவருக்கு அது பதினாறாவது தடவை, கண்ணெல்லாம் சிவந்திருந்தது, வரிசை வரிசையாகச் சாய்ந்துகொண்டிருந்த தலைகளைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிவிட்டு முன்வரிசையில் காலியாக இருந்த ஒரு இடத்தில் அவரும் உட்கார்ந்துகொண்டார். சிங்கப்பூர் விமான நிலையத்து ஆட்கள் ஏறிவந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள், தங்களுக்குள் ஏதோ கிசுகிசுத்தார்கள், கதவை மெதுவாகச் சாத்திவிட்டு இறங்கிப்போனார்கள்.

ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு போயிற்று. லூர்துசாமி குறட்டை விட்டார். இளம்பரிதியின் தலை தொங்கிவிட்டது. நூற்றெண்பது பேருடைய மூச்சும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கிற்று. மூன்றாம் மணியும் போய் நாலாம் மணி நடந்துகொண்டிருந்தபோது, முழித்திருந்தது மருதமுத்து ஒருத்தர்தான். தோள் மரத்துப்போயிருந்தது, சுற்றிலும் இரும்பு, சுற்றிலும் ஒரு சத்தமில்லை, அன்றைக்கு அந்தப் பள்ளத்தில் இருந்தது போலவே இருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக் கண்ணில் விழுந்தது. தூக்கக் கலக்கத்தோடு எழுந்துவந்த பணிப்பெண் ஒருத்தி அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்க் குனிந்தாள்.

"என்னப்பா செய்யுது? தண்ணி குடிக்கிறீங்களா?"

அவர் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார், உதட்டைத் திறக்கவில்லை. திறந்தால் தோளில் தூங்குகிறவள் பேர்தான் வரும் என்று அவருக்குத் தெரியும்.